மேடு காட்டிய அம்புகள்

ஆறு நாளும் என் கண்ணுக்கு முன்னால் ஓடிய சைக்கிள் பின்சில்லுக்குச் சொந்தக்காரா, என் அன்பு ராசு,

இது உனக்கு எழுதும் கடிதம்தான். ஆனாலும் நம் சங்கம் ரோணியோவில் உருட்டி அனுப்பும் செய்தித்தாளில் வரப்போகிறது. மெல்பேணில் நம்மவர் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் போகும். உன்னைப் பற்றி நான் எல்லோருக்கும் முன்னால் ஒன்று சொன்னேன். அது பிழை. எல்லோருக்கும் முன்னால் சொன்னதை ஒரு மூலையில் இருந்து திருத்துவது சரியில்லை என்று எனக்குப் படுகிறது. படுகிறது என்றுதான் சொல்கிறேன், நிச்சயமில்லை. இது நாலாவது தாள். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உன் ரோசாச் செடிகளை உன் மனைவி மங்கை வெட்டிவிட்டிருக்கிறாள். சரியாகத்தான் வெட்டியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். உன் சைக்கிள் கராஜில் சாத்தியபடியே நிற்கிறது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை போய்ச் சில்லுகளுக்குக் காற்று அடிக்கிறேன். யார் ஓடப்போகிறார்கள் என்று கேட்காதே. காற்று இறங்கிப் போய் நிற்கிற சைக்கிளைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ராசு என்று நான் கூப்பிடும் இராசநாயகம் என் மாமி மகன். இலங்கையில் முப்பது வருடம் ரயில் கார்ட். நான் நீர்ப்பாசன இலாகாவில் வரைபடம் கீறியவன். இரண்டு பேரும் பென்சன் எடுத்து, பிள்ளைகளுக்குப் பின்னால் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம். வந்தவர்களில் அவன் சும்மா இருக்க முடியாதவன். நான் சும்மா இருக்கப் பயப்படுகிறவன். அதனால் இரண்டு சைக்கிள் வாங்கினோம். சனிக்கிழமைகளில் அவற்றை ரயிலில் ஏற்றிக்கொண்டு பெல்கிரேவ் வரை போய், டண்டினோங் மலைச்சாரலில் ஓடுவோம். அவன் முன்னால், நான் பின்னால்.

பிரான்சுக்குப் போகும் எண்ணம் வந்தது பல் வைத்தியரால். அவருடைய காத்திருக்கும் அறையில் கிடந்த பழைய சஞ்சிகையில் ஒரு படம். ஒடுங்கிய வெள்ளை வீதி, இரண்டு பக்கமும் கல்மதில், மலைச்சரிவில் செம்மண்ணிற மாடுகள். வாகனம் ஒன்றுகூட இல்லை. நீ அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாய்.

"என்ன வேலை இது ராசு? மற்றவையின்ர புத்தகம்!"

"கிழிச்சாச்சு மச்சான். இனிப் போகத்தான் வேணும்."

வழி போடுவதை என்னிடம் விட்டாய். அதுதான் உன் பெரிய பிழை என்று இப்போது நினைக்கிறேன்.

நகரத்தில் ஒரு புத்தகக் கடையில் சொல்லிவைத்து, நடு பிரான்சின் மலைநாட்டு வரைபடங்களை, ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்று, இரண்டு பிரதியாக எடுப்பித்தேன். சிவப்புக் கோடு பெருந்தெரு, மஞ்சள் அடுத்தது, வெள்ளை சின்ன வீதி. வெள்ளையில் மட்டுமே போவது என்று முடிவு செய்தேன். எதிரே ஒரு லொறி வந்தால் நான் எந்தப் பக்கம் ஒதுங்குவேன் என்று எனக்கே தெரியாது. அங்கே வலப்பக்கத்தால் ஓடவேண்டும் என்பது ஆறு மாதம் என் நித்திரையைக் கெடுத்தது. வலது பிரேக் பிடியில் சிவப்பு நூல் கட்டினேன். நீ சிரித்தாய். பிறகு உன் சைக்கிளிலும் ஒன்று கட்டச் சொன்னாய்.

வெள்ளை வீதிகளில் சில இடங்களில் சின்ன அம்புகள் இருந்தன. ஒன்று, இரண்டு, சில இடங்களில் மூன்று. செங்குத்தான இடங்கள் என்று விளங்கியது. வரைபடத்தின் ஓரத்தில் குறி விளக்கம் பிரெஞ்சில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதினேன்: தேவாலயம், பாலம், நீரூற்று, கல்லறை. அம்புக்கு மட்டும் அகராதி பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் வாய்க்காலுக்கு அம்புக்குறி போட்டவன் நான். அம்பு தண்ணீர் ஓடும் பக்கத்தைக் காட்டும். தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். இதில் பார்க்க என்ன இருக்கிறது?

அம்பு போகிற பக்கமே நாமும் போகும்படி வழியை அமைத்தேன். மெதுவாக ஏறி, செங்குத்தாக இறங்குவோம். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட இருவருக்கு ஏற்ற வழி என்று எனக்குள்ளே ஒரு பெருமைகூட இருந்தது. இடங்களின் உயரமும் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அம்பு இருக்கும்போது எண் எதற்கு என்று நினைத்திருப்பேன்.

ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அட்டை. காபன் தாள் வைத்து இரண்டு பிரதி, உனக்கொன்று எனக்கொன்று. களவு போனாலும் வேறு ஒருவருக்கும் உதவாது என்று தமிழில் எழுதினேன். "கிலோமீட்டர் பதினாலு. கல்பாலம். இடப்பக்கம் திரும்பு. இரண்டு அம்பு. இறக்கம், பிரேக் கவனம்." இப்படி ஆறு அட்டை, பதினொரு இறக்கம்.

போன யூன் மாதம் போனோம். ராசு, அந்த வீதிகள் எப்படி இருந்தன என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பாண் ரொட்டி விற்கிறவளின் வான் வண்டி வரும். அவள் நமக்குக் கை காட்டுவாள், நான் பயந்து இறங்கி நிற்பேன். பிறகு மாட்டுமணிச் சத்தமும் உன் சங்கிலிச் சத்தமும் மட்டும். கறுத்தக் கல் வீடுகள், வாசலில் விறகு அடுக்கு, ஒரு நாய். அந்த நாய்களுக்கும் நான் பயந்தேன். அவற்றில் ஒன்றுகூட எழும்பி வந்ததில்லை.

முதல் நாள் கல்பாலத்தடியில் இடப்பக்கம் திரும்பினோம். வீதி இறங்கவில்லை. சுவர் மாதிரி எழும்பி நின்றது.

"ராசு, இது இறக்கம் இல்லையே!"

நீ அட்டையைப் பார்த்தாய், வரைபடத்தைப் பார்த்தாய், மேலே பார்த்தாய். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாய்.

"நான்தான் பிழையாத் திருப்பிட்டன் போல கிடக்கு. பறவாயில்லை, ரெண்டு ரோட்டும் அந்த ஊருக்குத்தான் போகுது. இறங்கித் தள்ளுவம்."

இரண்டாவது இடத்திலும் அதுவே. மூன்றாவதிலும் அதுவே. வரைபடம் உன் சைக்கிளின் கைப்பிடிப் பையில் இருந்தது. ஓடும்போது அதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆகவே நீ சொன்னதை நம்பினேன். நீண்ட மெதுவான இறக்கங்கள் வந்தபோது, பிழையான வழியிலும் ஒரு நன்மை இருக்கத்தான் செய்கிறது என்று எண்ணிக்கொண்டேன். எனக்கு ஏன் விளங்கவில்லை? விளங்க நான் விரும்பவில்லையா?

ஏழாவது ஏற்றத்தில் என் பொறுமை போனது. மழையும் தூறிக்கொண்டிருந்தது. நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய்.

"முப்பது வருஷம் கார்டா இருந்து என்ன பிரயோசனம்? தண்டவாளம் இல்லாட்டி உனக்கு வழி தெரியாது!"

நீ சிரித்தாய். "உண்மைதான் மச்சான். கொடி காட்டத்தான் தெரியும்" என்றாய். சிரித்துக்கொண்டே என் சைக்கிளையும் சேர்த்துத் தள்ளினாய்.

மெல்பேணுக்குத் திரும்பிய பிறகு சங்க மண்டபத்தில் ஸ்லைட் படம் காட்டினோம். அன்றைக்கு நான், வாய் திறக்காத கொழுந்து என்று பேர் வாங்கியவன், முதல் தடவையாக ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைத்தேன். தண்டவாளக் கதையைச் சொன்னேன். பதினொரு தடவை வழி தவறிய கார்டைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன் வரிசையில் கதிரையில் இருந்து நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது, ராசு. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

நவம்பரில், ஒரு காலை வேளை, ரோசாச் செடிக்குப் பக்கத்தில் விழுந்தாய். இருதயம் என்றார்கள்.

போன மாதம் மங்கை என்னை வரச்சொன்னாள். "அண்ணை, எனக்கு அந்தக் கடைசி மலையைப் பாக்கவேணும்" என்றாள். "அதில ஒரு மதில் இருக்காம். அதில இருந்து பாண் சாப்பிட்டதை அவர் சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர். எனக்குச் சைக்கிள் வராது. நான் நடப்பன். நீங்கள் உங்கட சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாங்கோ. வழி எழுதித் தாங்கோ, யூனில போவம்."

சரி என்றேன். வீட்டுக்கு வந்து, வீட்டிலேயே விட்டுப்போயிருந்த மற்ற வரைபடப் பிரதியை விரித்தேன். நீ எங்கே பிழையாகத் திரும்பினாய் என்று பார்த்து, அவளுக்குச் சரியான வழியை எழுதவேண்டும் அல்லவா? கல்பாலத்தைத் தேடினேன். இடப்பக்கம் ஒரு வீதிதான் இருந்தது. வேறு வீதியே இல்லை. மற்ற இடங்களையும் பார்த்தேன். பதினொன்றிலும் நீ எங்கேயும் பிழையாகத் திரும்பவில்லை.

அதன் பிறகுதான் அகராதியை எடுத்தேன். அம்புக்குப் பக்கத்தில் இருந்த வரியை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். அம்பு ஏறும் திசையைக் காட்டும் என்று போட்டிருந்தது.

உன்னைப் பதினொரு மலையிலும் ஏற்றியவன் நான். ஐந்து மாதத்தில் உன் இருதயம் நின்றது. நீ வழியில் எத்தனை தடவை நின்றாய் என்பது நினைவுக்கு வந்தது. "சங்கிலி கழண்டிட்டுது மச்சான்." "கண்ணுக்குள்ள தூசி." "உந்த மாட்டைப் பாத்திட்டுப் போவம்." ஒவ்வொரு ஏற்றத்திலும் ஏதோ ஒரு சாட்டு. மூச்சு முட்டியது உனக்கு, எனக்குச் சொல்லாமல் நின்றிருக்கிறாய் என்று முடிவு செய்தேன்.

என் மகள் வதனி ஆஸ்பத்திரியில் நேர்சாக இருக்கிறாள். அவளிடம் கேட்டேன்.

"ஏறினதாலதான் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது அப்பா. ஏறினபடியாத்தான் அவ்வளவு நாள் இருந்தவர் எண்டும் சொல்லலாம்."

"ரெண்டில எது?"

"தெரியாது எண்டுதானே சொல்லுறன்! சாப்பிடுங்கோ முதல்."

மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மங்கைக்குச் சொல்லாமல் விடலாம் என்றும் யோசித்தேன். திசையை மாற்றி, மறுபக்கத்தால் ஒரு வழி எழுதிக் கொடுத்தால் அவளுக்கு எல்லாம் இறக்கமாக இருக்கும். ஒருவருக்கும் எதுவும் தெரியவராது. அதை எழுதியும் முடித்தேன். ஆனால் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு ட்ராமில் போகும்போது, மடியில் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

"தங்கச்சி, நான் ஒரு பிழை விட்டிட்டன்."

"என்ன, பாஸ்போட்டைத் துலைச்சிட்டியளோ?"

சொன்னேன். அம்பு, வாய்க்கால், பதினொரு மலை, மண்டபத்தில் சொன்ன கதை எல்லாம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்தேன். அவள் எழுந்து குசினிக்குள் போனாள்.

கேத்தலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. அவள் வரவில்லை. போய்விடலாமா என்று எழுந்தேன், இருந்தேன், திரும்ப எழுந்தேன். கராஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. இனி இந்த வீட்டுக்குள் என்னை விடமாட்டாள் என்றே நினைத்தேன்.

வந்தாள். தேத்தண்ணீர் இல்லை. கையில் உன் கைப்பிடிப் பை.

"அவர் போன பிறகு நான் இதைத் திறக்கேல்லை. நீங்கள் திறவுங்கோ."

உள்ளே வரைபடம், ஒரு சின்னக் கத்தி, பல் வைத்தியரின் சஞ்சிகைப் பக்கம் நாலாக மடித்தபடி. அடியில் ஆறு அட்டைகள். என் எழுத்தின் காபன் பிரதி. அதற்கு மேலே உன் பென்சில்.

முதல் அட்டையில் முதல் இரண்டு இடங்களில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் "இறக்கம்" என்பதை வெட்டி "ஏத்தம்" என்று எழுதியிருந்தாய். அதன் பிறகு எல்லா அட்டைகளிலும், ஒவ்வொரு அம்பு இடத்திலும், ஏத்தம், ஏத்தம், ஏத்தம். மூன்றாவது மலையிலேயே உனக்குத் தெரிந்துவிட்டது.

ரயில்காரனுக்கு ஏற்ற இறக்கம் தெரியாமல் போகுமா? அதை நான் யோசிக்கவில்லையே.

மங்கைதான் அடுத்ததை வாசித்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அட்டையைத் தூரப் பிடித்து, சத்தமாக.

"'அரைவாசியில நிப்பாட்டு. கொழுந்துக்கு மூச்சு.' இதில என்ன? 'மாடு காட்டு.' இது? 'சங்கிலிச் சாட்டு ரெண்டு தரமாச்சு, வேற சொல்லு.'" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணை, இவர் நிண்டது உங்களுக்காக."

இரண்டாவது அட்டையின் அடியில் சின்னதாக ஒரு வரி இருந்தது. "சொல்லக்கூடாது. சொன்னா அடுத்த ரயிலில திரும்பிப் போயிடுவான்."

போயிருப்பேன், ராசு. கட்டாயம் போயிருப்பேன். என் வழியில் பிழை என்று தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே சைக்கிளைப் படுக்க வைத்துவிட்டு அழுதிருப்பேன். அது உனக்குத் தெரியும். அதற்காகத்தான் வழி தெரியாத கார்டாக ஆறு நாள் இருந்தாயா? மண்டபத்தில் முன் வரிசையில் இருந்து சிரித்ததும் அதற்காகவா? ஒரு தடவையாவது, அன்று வீட்டுக்குப் போகும்போதாவது, என் காதுக்குள் சொல்லியிருக்கக் கூடாதா?

மங்கை சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். "ரெண்டு கிழவரும் சேர்ந்து வடிவா ஏமாத்தி இருக்கிறியள்" என்றாள். "ஒராள் பிழையை எழுதுறார். மற்றாள் அதைக் களவாத் திருத்துறார். வீட்டில இருக்கிறவளுக்கு ஒரு போஸ்ட்காட், 'சுகம், நல்ல பாண்' எண்டு."

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். ஆனால் ஆறாவது அட்டை இருந்தது. கடைசி மலை. மூன்று அம்பு. அதற்கு நேரே நீ எழுதியிருந்தது: "இதில ரெண்டு பேருக்கும் ஏலாது. நடப்பம். மதிலடியில பாண்."

ரெண்டு பேருக்கும் என்றால்? மலை செங்குத்து, எவராலும் ஏற முடியாது என்று எழுதினாயா? அல்லது நெஞ்சுக்குள் ஏதோ உனக்குத் தெரிந்திருந்ததா? மங்கையிடம் கேட்டேன். அவளுக்கும் நீ ஒன்றும் சொன்னதில்லையாம். அந்த வரியை எத்தனை தடவை வாசித்திருப்பேனோ தெரியாது. வதனி சொன்ன "தெரியாது" போலவே அதுவும் அங்கேயே நிற்கிறது. அதை நான் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும் என்று விளங்குகிறது.

மடியில் கொண்டுபோன மற்ற வழியை அவளிடம் காட்டினேன். மறுபக்கத்தால் வந்தால் எல்லாம் இறக்கம், உங்களுக்குச் சுகம் என்றேன்.

"இறங்கி வந்து பாத்தா அது வேற மதில் அண்ணை. அவர் போன பக்கத்தாலதான் போறம்."

"செங்குத்து, தங்கச்சி. மூண்டு அம்பு."

"ஏலாட்டி நிப்பம். மாடு இருக்குத்தானே பாக்க?"

ஆகவே போகிறோம். பயமாக இருக்கிறது, ராசு. அவளுக்கு அறுபத்திரண்டு வயது. அந்த மலையில் அவளுக்கு ஏதும் ஆனால் என்ன செய்வேன்? அங்கே வைத்தியரைக் கூப்பிட எந்தச் சொல்? அதை அகராதியில் பார்த்து, அட்டையின் மேலேயே எழுதிவிட்டேன். ஆனால் முன்னால் ஒரு பின்சில்லு இல்லாமல் எந்தப் பக்கத்தைப் பார்த்துப் போவது என்பதற்கு அகராதியில் ஒன்றும் இல்லை.

நாம் படுத்த முதல் ஊரில் கோயில் மணி எட்டு அடித்தது, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பவும் எட்டு அடித்தது. நான் என் மணிக்கூட்டைக் கழற்றிக் குலுக்கினேன். அந்த மலைநாட்டில் அப்படி ஒரு வழக்கம், ஒவ்வொரு மணியையும் இரண்டு தரம் அடிப்பார்கள். ஏன் என்று கேட்டேன். "முதல் தரம் எண்ணாம விட்டவனுக்காக மச்சான்" என்றாய். என்னைப் பார்த்துத்தான் சொன்னாய்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். வருகிற சங்கக் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை நானே எழுந்து நின்று வாசிப்பேன். குரல் நடுங்கும், நடுங்கட்டும். புது அட்டைகளில் பதினொரு இடத்திலும் "ஏற்றம்" என்று மையால் எழுதிவிட்டேன். யூனில் உன் சைக்கிளைத்தான் கொண்டுபோவேன், அதில் காற்று இருக்கிறது. கடைசி மலையில் நான் முன்னால் தள்ளிக்கொண்டு போவேன், மங்கை பின்னால் வருவாள். அரைவாசியில் சங்கிலி கழன்றுவிட்டது என்று சொல்வேன். அவள் நம்பமாட்டாள், ஆனாலும் நிற்பாள். மதிலடிக்குப் போய்ச் சேர்ந்ததும் பாணை மூன்றாக முறிப்பேன். கீழே ஊரில் மணி இரண்டாம் தரம் அடிக்கும்போது, இந்த முறை நான் எண்ணுவேன்.

உன் பின்சில்லைப் பார்த்தே வழி வந்த மச்சான்,
கொழுந்து